லிங்கசாமி கேரளத்தில் இருந்த இருபத்திரண்டு நாட்கள்

குயில்மேடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர் லிங்கசாமி கேரளத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. கடைசியாகப் போனது கல்பற்றாவில் ஒரு கல்யாணத்துக்கு. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிட்டார். ஆனால் துறையின் பதிவுகளின்படி, போன கல்வியாண்டில் மட்டும் அவர் முதலில் பதினாறு நாளும் பிறகு இருபத்திரண்டு நாளும் அண்டை மாநிலத்தில் தங்கியிருக்கிறார். பதிவு தப்பாக இருக்க வழியில்லை, ஏனென்றால் அது கணினியில் இருக்கிறது.

பள்ளி சேரங்கோட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. ஒரே கட்டடம், தகரக் கூரை, ஐந்து வகுப்பு, பதின்மூன்று குழந்தைகள். இரண்டு ஆசிரியர்கள் என்று வாசலில் உள்ள பலகை சொல்லும். இரண்டாமவர் சுஜாதா டீச்சர். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆசிரியர்கள் போதவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரை ஊட்டிக்கு மாற்றுப்பணியில் அழைத்துக்கொண்டார்கள். பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. பெயர் இருப்பதால் காலியிடம் இல்லை, காலியிடம் இல்லாததால் வேறு ஆளும் வரமாட்டார். ஆகவே பள்ளியை நடத்துவது லிங்கசாமியும் சத்துணவு சமைக்கும் மூக்கம்மாவும்தான்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், தோட்டத்தில் பறித்த இலையை நிறுத்துப் போட்ட கையோடு தபித்தாள் பள்ளிக்கு வந்தாள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அவள் மகள் ஃபெபி ஐந்தாம் வகுப்பு. அந்தப் பிள்ளைக்கு எழுத்து எல்லாம் தெரியும். ஒவ்வொன்றாகக் காட்டினால் சரியாகச் சொல்லும். நாலு எழுத்தைச் சேர்த்து ஒரு வார்த்தையாக்கு என்றால் வாய் பூட்டிக்கொள்ளும்.

"சார், வர்ற வருசம் பெரிய ஸ்கூலுக்கு அனுப்போணும்," என்றாள் தபித்தாள். "அங்க ஒரு கிளாசுல அறுபது பேருங்களாம். படிக்கத் தெரியாட்டி கடைசி பெஞ்சுதானுங்க. எங்கக்கா புள்ளைக்கு அப்படித்தான் ஆச்சு. எட்டாவதோட நின்னுட்டா. இப்ப என் பக்கத்து நெரையில கொழுந்து எடுக்கறா."

லிங்கசாமிக்கு அந்தப் பிள்ளையையும் தெரியும். அது மாதிரி இன்னும் பத்துப் பேரையும் தெரியும். எல்லாரும் அவரிடம் படிக்காமல் படித்துவிட்டுப் போனவர்கள்தான்.

"அறுபது நாள் குடும்மா," என்றார். "தினம் ஒரு மணி நேரம். படிக்க வெச்சுடறேன்."

இது வீம்புக்குச் சொன்னதல்ல. இருபத்தேழு வருடத்தில் அவர் எத்தனையோ குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவருடைய முறை மிகவும் எளியது. பெஞ்சில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காருவார். எழுத்துக்கு அடியில் விரலை வைப்பார். அவசரப்படமாட்டார். இந்த முறைக்குப் பெயர் கிடையாது, ஆகையால் நிதியும் கிடையாது. அன்று சாயந்திரமே முதல் பாடத்தை முடித்து, இரும்பு பீரோவின் கதவைத் திறந்து, உள்பக்கத்தில் பாடம் நடந்த நாளுக்கு ஒன்றாகச் சாக்பீஸால் முதல் கோட்டைப் போட்டார்.

அந்த வருடம் ஜூனில்தான் 'சிகரம்' திட்டம் வந்திருந்தது. வகுப்பறையில் தொழில்நுட்பத்தைக் கொண்டுவருவதும், அதைப் பயன்படுத்த ஆசிரியர்களைப் பழக்குவதும் அதன் நோக்கம். முதல் படியாக ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று காட்டும் செயலியைக் கைப்பேசியில் ஏற்றச் சொன்னார்கள். ஆசிரியரைப் பழக்கும் முன் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா?

இங்கேதான் லிங்கசாமிக்குச் சனி பிடித்தது. குயில்மேட்டில் தமிழ்நாட்டு டவர் எதுவும் எட்டாது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் நிற்கும் டவர்தான் பள்ளிக்குள் இலேசாக அடிக்கும். காலை ஒன்பது மணிக்கு அவர் வகுப்பில் நின்றுகொண்டு வருகையைப் பதிந்தால், ஆசிரியர் கேரளத்தில் நிற்கிறார் என்று செயலி எழுதிக்கொண்டது. பதினாறு நாள் அப்படியே எழுதியது. பதினேழாம் நாள், அனுமதி பெறாமல் வெளிமாநிலத்தில் தங்கியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் ரமேஷ்குமாருக்கு லிங்கசாமி போன் போட்டு நிலைமையைச் சொன்னார். ரமேஷ்குமார் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க ஸ்கூல்லதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது சார்," என்றார். "எனக்குத் தெரிஞ்சு என்னங்க பண்றது? சிஸ்டத்துக்குத் தெரியோணுமே."

தமிழ்நாட்டு சிக்னல் எங்கே கிடைக்குமோ அங்கே போய்ப் பதியும்படி அவர் வழி சொன்னார். தோட்டத்தின் நாலாம் நம்பர் மலையின் உச்சியில் ஒரு பாறை உண்டு. அதன் மேலே ஏறி, கூடலூர் இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் இரண்டு புள்ளி சிக்னல் வரும். பள்ளியிலிருந்து ஏறுவதற்கு இருபது நிமிடம், இறங்குவதற்குப் பதினைந்து. அன்றிலிருந்து காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை லிங்கசாமி பாறைக்குப் போய்வந்தார். பள்ளியில் இருப்பதை நிரூபிக்க தினமும் இரண்டு தடவை பள்ளியை விட்டுப் போக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் மூக்கம்மா ஒரு கையில் கரண்டியோடு வகுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

நவம்பரில் பீரோ கதவில் ஒன்பது கோடு விழுந்தது. டிசம்பர் பிறந்ததும் ஊட்டியில் மூன்று நாள் பயிற்சிக்கு அழைப்பு வந்தது.

மூன்று நாள் பயிற்சி என்றால் லிங்கசாமியின் கணக்கில் ஐந்து நாள். பஸ்ஸில் பந்தலூர், கூடலூர், நடுவட்டம் என்று நாலரை மணி நேரம் ஆகும் என்பதால் முந்தின நாளே கிளம்ப வேண்டும். வரும்போதும் ஒரு நாள் போகும். அந்தத் தடவை தேவாலாவுக்குப் பக்கத்தில் ரோட்டில் யானை நின்றது. ஒன்றரை மணி நேரம் தாமதம். பயிற்சிக்குத் தாமதமாக வந்தால் செயலியில் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடல்நலம், குடும்ப நிகழ்ச்சி, பேருந்துப் பழுது, மற்றவை என்று நான்கு இருந்தன. மற்றவை என்றால் காரணத்தின் புகைப்படத்தை இணைக்க வேண்டும். பந்தலூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் இதற்காகவே வாட்ஸப்பில் ஒரு யானைப் படம் வைத்திருந்தார்கள். அந்த ஒரு யானை அந்த வருடத்தில் முப்பத்தோரு ஆசிரியர்களை மறித்திருக்கிறது என்று துறை புள்ளிவிவரம் எடுத்து, வனத்துறைக்குக் கடிதமும் எழுதியது.

பயிற்சிக் கூடம் நடுங்கும் குளிரில் இருந்தது. தொடக்க விழாவில் குத்துவிளக்கு டிஜிட்டல் முறையில் ஏற்றப்படும் என்று அறிவித்தார்கள். மடிக்கணினியில் பொத்தானை அழுத்தினால் திரையில் ஐந்து முகமும் எரிய வேண்டும். சிறப்பு விருந்தினர் அழுத்தினார். மூன்று முகம் எரிந்ததும் கணினி நின்றுவிட்டது. விளக்கு முழுசாக எரியாமல் யாரும் உட்காரக் கூடாது என்பது மரபு. ஆகவே தொண்ணூறு ஆசிரியர்களும் இருபது நிமிடம் எழுந்து நின்று, திரையில் ஒரு வட்டம் சுற்றுவதைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையின் ஓரத்தில் நிஜமான குத்துவிளக்கு ஒன்று திரியும் எண்ணெயுமாகத் தயாராக இருந்தது. அதைத் தொட யாருக்கும் அதிகாரம் இல்லை.

விளக்கு எரிந்த பிறகு ரமேஷ்குமார் பேசினார்.

"ஆசிரியர்களை நாங்க முழுசா நம்பறோம்," என்றார். "அதனாலதான் நீங்க எங்க இருக்கீங்கன்னு நேரா பார்த்துக்கிட்டே இருக்கோம். இந்தத் திட்டம் உங்க வேலையக் குறைக்கத்தாங்க வந்திருக்கு. அதுக்காக நீங்க கொஞ்சம் கூடுதலா வேலை செய்யோணும். ஸ்கூல் எதுக்குங்க இருக்கு? தரவு வர்றதுக்கு. குழந்தைங்க இல்லாம தரவு வராது. அதனால குழந்தைங்களும் முக்கியந்தான், நான் இல்லேன்னு சொல்லல."

எல்லாரும் கை தட்டினார்கள். குளிருக்குக் கை தட்டுவது நல்லது.

அதன் பிறகு முன்தேர்வு நடந்தது. பத்துக் கேள்வி. லிங்கசாமி ஏழு வாங்கினார். பயிற்சி நடத்த வந்த சுஜாதா டீச்சர் அவரைத் தனியாக அழைத்துப் போனார். பதிவேட்டில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சுஜாதா டீச்சர்தான், இரண்டு ஆசிரியர்களைக் கொண்டு ஒரு சிறிய பள்ளியை எப்படி நடத்துவது என்று அவருக்கு அன்று பாடம் எடுக்கப் போகிறவர். முன்தேர்வில் ஏழு வாங்கினால் வளர்ச்சி தெரியாது, தயவுசெய்து மூன்றாகத் திருத்திக்கொடுங்கள் என்று கேட்டார். லிங்கசாமி தெரிந்த பதிலை எல்லாம் அழித்துவிட்டுத் தப்பாக எழுதினார். அது அவர் நினைத்ததை விடக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் பின்தேர்வில் மறுபடியும் அதே ஏழு மார்க் வாங்கினார். அவருடைய வளர்ச்சி நூற்று முப்பத்து மூன்று சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது ஃபெபி நவம்பரில் பிடித்த வார்த்தைகளைப் பாதி மறந்திருந்தாள். "அம்மா", "இலை", "மலை" வந்தன. "மரம்" வரவில்லை. லிங்கசாமி மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு கோடு போட்டார். அரையாண்டு விடுமுறை வந்தது.

ஜனவரியில் இணையவழிப் பயிற்சி. ஆசிரியர் பள்ளியை விட்டு வெளியே போவதால் கற்பித்தல் பாதிக்கப்படுகிறது என்று மேலிடம் வருத்தப்பட்டு, பள்ளியில் இருந்தபடியே கலந்துகொள்ளும் வகையில் அதை அமைத்திருந்தது. குயில்மேட்டில் பள்ளியில் இருந்தபடியே என்றால் பாறையின் மேல் என்று பொருள். பத்து நாள், காலை இரண்டு மணி நேரம், மத்தியானம் இரண்டு மணி நேரம். பாறையில் குடையைப் பிடித்துக்கொண்டு, தலையில் மங்கி குல்லாவோடு, வகுப்பறையில் மாணவருடன் கண்ணோடு கண் பார்த்துப் பேசுவதன் அவசியம் பற்றி லிங்கசாமி கற்றுக்கொண்டார். கீழே தேயிலைக்கு நடுவில் பள்ளியின் தகரக் கூரை தெரியும். இடைவேளையில் ஃபெபி வாசலில் வந்து நின்று மேலே பார்ப்பாள். அவர் கையை ஆட்டுவார். அவளும் ஆட்டிவிட்டு உள்ளே போவாள். அந்தப் பத்து நாளில் ஒரு கோடுகூட விழவில்லை. பாறையில் உட்கார்ந்து அவர் இரண்டு தடவை சத்தமாகத் திட்டினார். ஒலிவாங்கி அணைந்திருந்ததால் வளர்ச்சி பாதிக்கப்படவில்லை.

பிப்ரவரியில் திறன் பலகை வந்தது. சுவரில் மாட்டும் பெரிய திரை. ஜீப் வரும் இடத்திலிருந்து நாலு ஆட்கள் அதைச் சாமி தூக்குவது போலத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினார்கள். மாட்டியாயிற்று. ஆனால் பலகையைத் திறக்க வேண்டுமானால், தலைமை ஆசிரியரின் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை அதில் அடிக்க வேண்டும். கைப்பேசி தமிழ்நாட்டில் இருந்தால்தான் எண் வரும் என்பதால், அது பாறையில்தான் வரும். இரண்டு நிமிடம்தான் உயிரோடு இருக்கும். பாறையிலிருந்து பள்ளிக்கு ஓடினாலும் பத்து நிமிடம் ஆகும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் மூக்கம்மா. பாறையிலிருந்து பள்ளி வரை பாதையில் குரல் கேட்கும் தூரத்துக்கு ஒரு குழந்தையாக நிறுத்தினாள். லிங்கசாமி மேலே நின்று ஒவ்வொரு இலக்கமாகக் கத்துவார். அடுத்த குழந்தை வாங்கிக் கத்தும். நடுவில் ஓடை சத்தத்தில் கேட்காத இடத்தில், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த தபித்தாளும் இன்னும் மூன்று பெண்களும் கைவேலையை விடாமல் வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் பள்ளி வாசலில் நின்ற ஃபெபி ஜன்னல் வழியாக உள்ளே சொல்ல, மூக்கம்மா பலகையில் அழுத்துவாள். ஐந்து நாள் முயற்சி செய்தார்கள். ஒவ்வொரு நாளும் எண் வந்து சேரும்போது செத்திருக்கும். ஆறாம் நாள் உயிரோடு வந்து சேர்ந்தது. பலகை திறந்தது. மூன்று ஜிபி புதுப்பித்தல் தேவை என்று அதில் எழுத்து வந்தது. பிறகு அணைந்தது.

யாரோ இதை வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். ரமேஷ்குமார் நெகிழ்ந்துபோனார். தொழில்நுட்பத்தில் சமூகப் பங்கேற்பு என்ற தலைப்பில் அதை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பி, மற்றவர்களும் பின்பற்றும்படி சொன்னார். நல்ல சிக்னல் உள்ள குன்னூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில்கூடக் குழந்தைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணைக் கத்தவைத்ததாகக் கேள்வி.

மார்ச் தொடக்கத்தில் பீரோ கதவில் பத்தொன்பது கோடு. அறுபதில் பத்தொன்பது. தபித்தாள் எதிரே வந்தால் லிங்கசாமி தேயிலை நிரைக்குள் புகுந்து வேறு பக்கமாகப் போகத் தொடங்கினார். ஐம்பத்து மூன்று வயதில் அப்படிப் புகுந்து போவது அவருக்கே கேவலமாக இருந்தது.

அந்த வாரம் சுஜாதா டீச்சர் மதிப்பீட்டுக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்துத் தன் சொந்தப் பள்ளிக்குள் கால் வைக்கிறார். குழந்தைகள் அவரை யாரோ என்று பார்த்தார்கள். கையில் ஒரு டேப். குழந்தை டேப்புக்கு முன்னால் ஒரு நிமிடம் வாசிக்க வேண்டும். கருவி காது கொடுத்துக் கேட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று அதுவே சொல்லும். முப்பது சொல்லுக்குக் கீழே போகும் குழந்தைக்கு மட்டும் தினமும் ஒரு மணி நேரம் தனிப்பயிற்சி கொடுக்க அனுமதி உண்டு. லிங்கசாமி நிம்மதிப் பெருமூச்சு விட்டார். ஃபெபி ஐந்து சொல்லைத் தாண்டமாட்டாள். எப்படியும் அந்த ஒரு மணி நேரம் இனி அதிகாரபூர்வமாகவே கிடைத்துவிடும்.

ஃபெபி டேப்புக்கு முன்னால் உட்காரவும் கோடை மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கொட்டு கொட்டு என்று கொட்டியது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. ஃபெபி திரையில் இருந்த பத்தியைப் பார்த்தாள். முதல் எழுத்தில் விரலை வைத்தாள். வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம் முழுக்க மழை மட்டும் வாசித்தது. டேப்பில் பச்சை நட்சத்திரங்கள் வந்தன. மிக நன்று, நிமிடத்துக்கு எண்பத்தேழு சொற்கள்.

மாவட்டத்தில் அதுவரை யாரும் எண்பத்தேழைத் தொட்டதில்லை.

லிங்கசாமி, இது மழை வாங்கிய மார்க், பிள்ளையை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள் என்றார். சுஜாதா டீச்சர் டேப்பை அவரிடம் காட்டினார். ஒரு குழந்தைக்கு ஒரு வாய்ப்புதான். முடிவைப் பற்றித் தலைமை ஆசிரியரின் கருத்து என்ற இடத்தில் இரண்டு பொத்தான் இருந்தது. ஒன்று மகிழ்ச்சி, மற்றொன்று மிக்க மகிழ்ச்சி.

"எனக்குத் தெரியுதுங்க சார்," என்றார் சுஜாதா டீச்சர் தணிந்த குரலில். "இன்னிக்கு நான் இன்னும் நாலு ஸ்கூல் முடிக்கோணும். முடிக்காட்டி எனக்கும் மெமோ." அவர் முகம் களைத்திருந்தது. லிங்கசாமி மகிழ்ச்சியை அழுத்தினார்.

பாறைக்குப் போய் ரமேஷ்குமாருக்கும் போன் போட்டார். அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, நாலு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியும் என்றார். ரமேஷ்குமார் வழக்கம்போலப் பொறுமையாகக் கேட்டார்.

"கருவி சொல்றது தரவுங்க சார். நீங்க சொல்றது கருத்து," என்றார். "உங்க குழந்தை நல்லாப் படிக்கறதுக்கு நீங்களே ஆட்சேபம் சொன்னா எப்படிங்க?"

ஒரு வாரத்தில் இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில் ஃபெபிக்கு 'வாசிப்புச் சிகரம்' என்ற வண்ணச் சான்றிதழ். மற்றதில் லிங்கசாமிக்கு ஆணை. எண்பத்தேழு சொல் வாசிக்கும் மாணவியை உருவாக்கிய ஆசிரியர் என்ற முறையில் அவரை மாவட்டக் கருத்தாளராக நியமித்திருந்தார்கள். வாசிக்கத் தெரியாத குழந்தைகளுக்குத் தொழில்நுட்பம் மூலம் வாசிப்பைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்க, வரும் திங்கள்கிழமையிலிருந்து கல்வியாண்டு முடியும் வரை அவர் ஊட்டியில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் தபித்தாள் வந்தாள். பின்னால் ஃபெபி. கண் வீங்கியிருந்தது. தபித்தாள் கையில் சான்றிதழ் இருந்தது. சேரம்பாடிக்குப் போய் லேமினேஷன் போட்டிருந்தாள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் பாடியில் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். கடைசி வீட்டில் ஒரு கிழவர், என்ன எழுதியிருக்கு, நீயே படிச்சுக் காட்டு என்று ஃபெபியிடம் நீட்டியிருக்கிறார்.

தபித்தாள் சத்தம் போடவில்லை. சண்டைக்கு வந்தவள் மாதிரியும் தெரியவில்லை.

"இதுல இருக்கறத இவளால படிக்க முடியலீங்க சார்," என்றாள். "அப்பறம் இத யாருக்குங்க குடுத்தாங்க?"

நூற்று முப்பத்து மூன்று சதவீத வளர்ச்சி அடைந்த மனிதருக்கு அழுகை வந்தது. அழவில்லை. சான்றிதழை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை பிள்ளையை அரை மணி நேரம் முன்னாடியே அனுப்பு என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை ஊட்டி பஸ் சேரம்பாடியை விட்டுக் கிளம்பியபோது லிங்கசாமி பள்ளியில் இருந்தார். பாறைக்குப் போகவில்லை. கைப்பேசியைத் திறக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தார். மூடிய இழுப்பறைக்குள் இருந்தபடியே அது வயநாட்டு டவரைப் பிடித்துக்கொண்டது, வருகை பதியாதவரைத் தானாகவே தேடிக் குறித்துக்கொள்ளும் செயலியும் தன் கடமையைச் செய்தது. அன்று முதல் ஆசிரியர் லிங்கசாமி கேரளத்தில் இருந்தார்.

அங்கே இருந்தபடி அவர் காலையில் ஒரு மணி நேரம், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் ஃபெபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மலை ஏறி இறங்கும் நேரம் மிச்சமானதில் மற்ற பன்னிரண்டு பேருக்கும் பாடம் நடந்தது. பாடப் புத்தகம் என்றால் அந்தப் பிள்ளைக்கு வாய் பூட்டிக்கொள்ளும் என்பதால், அகப்பட்டதை எல்லாம் படிக்கவைத்தார். சத்துணவு அரிசி மூட்டை, பருப்புப் பாக்கெட், மூக்கம்மாவின் மாத்திரை அட்டை, பழைய நாட்காட்டியில் ராகுகாலம். திறன் பலகையைச் சுற்றியிருந்த அட்டைப் பெட்டியில், கவனமாகக் கையாளவும் என்று இருந்தது. அதற்கு இரண்டு நாள் ஆனது. எட்டாம் நாள் "மரம்" வந்தது. பதினோராம் நாள் ஒரு முழு வரி வந்தது. அன்று மூக்கம்மா சாம்பாரைக் கொஞ்சம் அடிப்பிடிக்க விட்டுவிட்டாள், ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததால்.

இடையில் செயலியில் என்னென்னவோ வந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. மெமோ வரும், சம்பளத்தில் கை வைப்பார்கள், ஓய்வு பெறுவதற்கு ஏழு வருடம்தான் இருக்கிறது என்றெல்லாம் பயம் வராமல் இல்லை. தினமும் வந்தது. பயத்தோடேயே கோடு போட்டார்.

பள்ளியின் கடைசி வேலை நாளன்று மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்காகத் தபித்தாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்கு சுஜாதா டீச்சர் ஏறி வந்தார். செயலியில் அனுப்பிய மெமோ எதையும் ஆசிரியர் திறக்கவில்லை என்பதால், தாளில் அச்சடித்து நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவர அனுப்பியிருந்தார்கள். வாசலில் நின்றவர், கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்ற லிங்கசாமியைப் பார்த்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"நீங்க இங்க இல்லைன்னு உங்களுக்குக் குடுக்க வந்தேனுங்க சார்," என்றார் மெல்ல.

"உக்காருங்க டீச்சர்," என்றார் லிங்கசாமி. "உங்க ஸ்கூல்தானே." உறையைப் பிரித்தார். தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபெபியிடம் நீட்டினார். "படி."

ஃபெபி தாளை மேசையில் விரித்து, முதல் எழுத்துக்கு அடியில் விரலை வைத்தாள். மழை இல்லை. வெளியே கொழுந்து லாரி ஒன்று ஏற்றத்தில் உறுமிக்கொண்டு போனது. அது போய் முடியும் வரை காத்திருந்துவிட்டு ஆரம்பித்தாள்.

"தா...ங்கள். தாங்கள். கடந்த இருபத்தி...ரண்டு வேலை நாட்கள், பள்ளியில் இல்...லாமல், அண்டை மா...நிலத்தில், தங்கி...யிருந்ததாக..."

தபித்தாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சுஜாதா டீச்சர் டேப்பைப் பையில் இருந்து எடுக்கப் போனவர், எடுக்காமல் மூடினார்.

"கணினிப் பதிவுகள், உறுதி செய்...கின்றன. எனவே, தங்கள் மீது, ஏன்..."

அங்கே நின்றுவிட்டது. விரல் அந்த வார்த்தையின் மேல் முன்னும் பின்னுமாகப் போய்வந்தது. ஃபெபி நிமிர்ந்து பார்த்தாள்.

"அது பெரிய வார்த்தைதான்," என்றார் லிங்கசாமி. வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலையும் வைத்தார். "அவசரமில்ல கண்ணு. பிரிச்சுப் படி."

"ஒ...ழு...ங்கு. ஒழுங்கு. நட...வடி...க்கை."

"இப்பச் சேர்த்துப் படி."

"ஒழுங்கு நடவடிக்கை," என்று ஃபெபி ஒரே மூச்சில் படித்தாள்.